மூளைப்படவியல்: நெய்வேலிப் பாடம்

நெய்வேலி நகரியத்தில் எதையும் வகை பிரித்து எண் போட்டால்தான் நிம்மதி. வீட்டுக்கு வட்டம் எண், வேலைக்கு ஷிஃப்ட் எழுத்து, சுரங்கங்களுக்கோ ஒன்று, ஒன்று ஏ, இரண்டு. 1956இல் லிக்னைட் கார்ப்பரேஷன் பிறந்ததிலிருந்து ஊரே ஓர் அட்டவணைக்குள் குடியிருக்கிறது. மூளைக் கட்டியையும் பேச்சையும் பற்றி ஒரு வகைப்பாட்டு நூல் இயற்ற இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. கடவுள் வாழ்த்தும் அவையடக்கமும் இடம் கருதி விடப்பட்டன.

முதலாவது, படம் பார்ப்போர். ஜிப்மரிலிருந்தோ வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஸ்கேன் ஃபிலிம் அடங்கிய அந்தப் பெரிய உறை வீட்டுக்கு வந்த அன்று மாலைக்குள், தெருவில் பாதிப் பேர் ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிடுவார்கள். இவர்கள் மூவகையினர். சுரங்கத்தார் அடுக்கை எண்ணி, ஆழம் எவ்வளவு என்று கேட்பார்கள். அனல்மின் நிலையத்தார் வெளுப்பாகத் தெரிவதையெல்லாம் கசிவு என்பார்கள். கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர் படத்தைத் தொடவே மாட்டார். ரிப்போர்ட்டைப் புரட்டி, கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்ற தலைப்பின் கீழுள்ள இரண்டு வரியை மட்டும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுவார். மூவரில் அறிஞர் இவரே. ஆனால் அதற்கும் கீழே பல ரிப்போர்ட்டுகளில் இன்னொரு வரி உண்டு: நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். ஆளைப் போய்ப் பாருங்கள் என்று படமே சொல்கிறது. அதை இவரும் படிப்பதில்லை.

இரண்டாவது, படங்கள். சி.டி. ஸ்கேன் மூத்தது. 1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் முதன்முதலாகப் படுத்தவரே மூளைக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வந்த ஒரு பெண்மணிதான். அடுத்தது எம்.ஆர்.ஐ.; கட்டி எங்கே, எவ்வளவு என்று காட்டும். இரண்டும் இடத்தைச் சொல்லுமே தவிர, அந்த இடத்தில் என்ன வேலை நடக்கிறது என்று சொல்லா. அதற்கு வந்தது ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறினால் காந்தப் படமும் மாறும் என்று 1990இல் ஜப்பானியரான செய்ஜி ஒகாவா காட்டியதில் கிளைத்தது இது.

இந்த வகை சற்று நின்று பார்க்கத் தக்கது. நோயாளி குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்கிறார். காதில் அடைப்பான், அதையும் மீறிக் கட்கட் என்று இரைச்சல். கண்ணுக்கு மேலே சிறு கண்ணாடியில் 'கத்தி' என்று ஒரு சொல் தெரிகிறது. அதற்கேற்ற வினையை அவர் மனசுக்குள் நினைக்க வேண்டும்: நறுக்கு. வாய்விட்டுச் சொல்லக் கூடாது. தாடை அசைந்தால் தலை அசையும், படம் கெடும். அரை நிமிடம் வேலை, அரை நிமிடம் ஓய்வு என்று மாறி மாறி நடக்கும். அவர் நறுக்கு என்று நினைத்தாரா, வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டதே என்று நினைத்தாரா என்று கருவிக்குத் தெரியாது. அது நரம்பைக் கேட்பதே இல்லை. ஐந்தாறு நொடி கழித்து அங்கே ஏறிவரும் ரத்தத்தைத்தான் பார்க்கிறது. கடைசியில் படத்தில் வரும் சிவப்பும் மஞ்சளும் புள்ளியியல் கணக்கு பூசிய வண்ணம். கணக்கின் வரம்பைத் தளர்த்தினால் பேச்சுப் பகுதி அகலும், இறுக்கினால் சுருங்கும். கட்டியை ஒட்டிய ரத்தக்குழாய்களோ, பக்கத்து நரம்பு வேலை செய்தாலும் சில சமயம் அசைந்து கொடுக்காது. வண்ணம் இல்லாத இடத்தில் பேச்சும் இல்லை என்று கத்தியை வைத்துவிட்டால் பிழை ஆபத்தாகிவிடும்.

மூன்றாவது, சொற்கள். இதில் நமக்கு வேலை குறைவு. பெயர், வினை, இடை, உரி என்று நான்காக்கி, முதல் இரண்டே தலையானவை, மற்றவை அவற்றைச் சார்ந்தவை என்று தொல்காப்பியர் முடித்துவிட்டார். வினை இருக்கப் பெயரை மட்டும் இழந்தவர்களையும், பெயர் இருக்க வினையில் தடுமாறுகிறவர்களையும் நரம்பியலார் கண்டிருக்கிறார்கள். பொதுவாக முன்னது பொட்டுப் பக்கத்துச் சேதத்தோடும் பின்னது நெற்றிப் பக்கத்துச் சேதத்தோடும் சேர்த்துச் சொல்லப்படும். ஆகவே தொல்காப்பியருக்கு நரம்பியல் தெரியும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவோர் தனி வகை. அவர்களை இந்நூல் ஏற்பதில்லை.

நான்காவது, பேச்சுக் குறைகள். 1861இல் பாரிஸில் மருத்துவர் புரோக்கா கண்ட நோயாளிக்கு வாயில் வந்தது 'டான்' என்ற ஒரே அசை. சொன்னால் புரியும், சொல்ல வராது. 1874இல் மருத்துவர் வெர்னிக்கெ விவரித்த நோயாளிகள் நேர்மாறு: சரளமாகப் பேசுவார்கள், பொருள் இருக்காது. (இவ்வகையைப் பொதுக்கூட்ட மேடையில் கண்டதாகச் சொல்வோர் நோயையும் தொழிலையும் குழப்புகிறார்கள்.) மூளைக் கட்டிக்காரர்களில் பலர் இவ்விரண்டிலும் அடங்கார். அவர்களில் பலருக்கு முதலில் வருவது ஃபிட்ஸ். பேச்சில் தெரிவது, வேண்டிய நேரத்தில் சொல் சிக்காத குறை மட்டுமே.

இங்கேதான் தமிழ்நாட்டுக்கே உரிய வகைப்பாட்டுச் சிக்கல். "அந்த இதை எடுத்து அது மேல வை" என்று நம் வீடுகளில் எல்லோரும்தான் சொல்கிறார்கள். கேட்டவரும் சரியாக எடுத்து வைக்கிறார். சொல் தொலைந்தவரும் இதே 'இது'வுக்குப் பின்னால் மாதக்கணக்கில் ஒளிந்துகொள்ளலாம். ஷிஃப்டில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரம்மாதான் கண்டுபிடிப்பார்: "முன்னெல்லாம் கரண்டிய மட்டும்தான் இதும்பாரு. இப்ப பெரிய பொண்ணையே இதுங்கறாரு." எந்த ஸ்கேனுக்கும் முந்திய, எந்த ஸ்கேனும் தராத தகவல் இது. ஓ.பி.யில் இதைச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடமாவது கிடைக்க வேண்டும்.

இனிப் புறனடை. பக்கவாதம் நிமிடங்களில் பேச்சைப் பறிக்கும். மெல்ல வளரும் கட்டி அப்படிச் செய்வதில்லை. சுரங்கம் முன்னேற முன்னேற இங்கே ஊர்கள் பெயர்ந்தனவே, அப்படிப் பேச்சும் மெல்ல அக்கம்பக்கத்துக்கு, சில சமயம் வலப்பக்கத்துக்கே கூட, குடிபெயர்கிறது. வலக்கைக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்குப் பேச்சு இடப்பக்கம் என்ற பாடநூல் விதி இவர்களிடம் செல்லும் என்று உறுதி இல்லை. படத்தில் எலுமிச்சை அளவு கட்டி இருக்கும். ஆள் எதிரில் உட்கார்ந்து பென்ஷன் கணக்குப் பேசிக்கொண்டிருப்பார்.

ஐந்தாவது, சோதனை அட்டைகள். பேர் சொல்லும் சோதனைகளில் பேர் போனது பாஸ்டன் சோதனை: அறுபது கோட்டுப் படங்கள். பீவர், பனிக்கட்டி வீடான இக்லூ, ஆஸ்பாரகஸ், பிரெட்செல் எல்லாம் அதில் உண்டு. இதை அப்படியே பக்கத்து மந்தாரக்குப்பத்துக்காரர் ஒருவரிடம் நீட்டினால் பீவரைப் பெருச்சாளி என்பார், பிரெட்செல்லை முறுக்கு என்பார். மதிப்பெண் குறையும், மூளை மேல் பழி விழும். சுரங்கம் தோண்டும் பக்கெட் வீல் இயந்திரத்தின் படத்தைக் காட்டட்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

கடைசி வகை மொழிகள். நெய்வேலியில் இதுதான் பெரிது. இரண்டு மொழிக்காரருக்குப் பேச்சு போனால் முதலில் கற்ற மொழியே நிற்கும் என்ற கொள்கையை ரிபோ என்ற அறிஞர் பெயரால் சொல்வார்கள்; அதிகம் புழங்கிய மொழிதான் முதலில் திரும்பும் என்று 1895இல் பித்ர் என்ற மருத்துவர் மறுத்தார். வீட்டில் தெலுங்கு, பஜாரில் தமிழ், ஃபைலில் ஆங்கிலம் என்று முப்பது வருஷம் வாழ்ந்தவரிடம் எந்த மொழியில் படம் எடுப்பது? தமிழில் கேட்டு எடுத்த படம் தமிழுக்குத்தான் சாட்சி. படம் போதாவிட்டால் மூளையையே தொட்டுக் கேட்கும் வழி உண்டு. 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். நோயாளி விழித்திருக்க, மூளையை மின்சாரத்தால் தொட்டுப் பேச்சின் இடம் தேடியவர் பென்ஃபீல்டு. அந்த மான்ட்ரியலும் ஃபிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த ஊர். வேலூரிலோ இன்றைக்கு ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ் பலகைகளில் வங்காளி எழுத்து.

விழித்திருக்கும் அறுவைக்கு முந்தின நாளே அட்டைகளைக் கழிப்பார்கள். நோயாளி தடுமாறும் படம் அட்டைக் கட்டிலிருந்து வெளியே போகும். மறுநாள் தவறினால் காரணம் மின்சாரமாகத்தான் இருக்க வேண்டும், அறியாமையாக அல்ல. மூளைக்கு வலி தெரியாது, மரத்துப்போகச் செய்வது முக்கியமாக மண்டைத் தோலை. மின்முனையால் மூளையைத் தொட்டபடி அட்டையைக் காட்டுகிறார்கள். "இது..." என்று தொடங்கி நின்றுவிடுகிறார். மின்முனையை எடுத்ததும் "சீப்பு" வருகிறது. அதே இடத்தைத் தொட்டுக்கொண்டு தெலுங்கில் கேட்டால் "துவ்வென" என்று தடையில்லாமல் வரவும் கூடும். ஒரு மொழியை நிறுத்தி இன்னொன்றை விட்டுவிடும் புள்ளிகள் உண்டு என்று 1978இலேயே ஓஜெமன், விட்டேக்கர் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆகவே எந்த மொழிகளில் அட்டை வேண்டும் என்று முந்தின நாளே வீட்டாரைக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் சண்டை வரும். மனைவி தெலுங்கு என்பார். நோயாளியோ தமிழ் என்பார். ஷிஃப்டில் திட்டியது முழுக்கத் தமிழில்தானே. பெங்களூர்ப் பேரனுக்கு ஆங்கிலம் தவிர வேறு தெரியாது என்பாள் மகள்.