தங்கச்சியும் வருவா, டீச்சரம்மா

ஹந்தானையிலிருந்து பஸ் ஏறி என் பேத்தி உங்ககிட்ட வயலின் படிக்க வர்றா, டீச்சரம்மா. பொறுப்பான பிள்ளை. நீங்க குடுத்த நொட்டேஷன் புத்தகத்தைக் கசங்காம வெச்சிருக்கா. பார்த்தாத்தானே கசங்கும்!

அஞ்சு கோட்டுல உள்ள புள்ளி ஒவ்வொண்ணுக்கும் கீழே பென்சிலால எழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. பெரிய மனசு. அவ எழுத்தைப் பார்த்து வாசிக்கிறா. கோடு சும்மா கிடக்கு. விரல் நம்பரையும் எழுதிட்டீங்கன்னா காதுக்கும் லீவு குடுத்திடலாம்.

அந்த லண்டன் ரோயல் ஸ்கூல்ஸ் பரீட்சைக்கு மூணே மூணு பாட்டை வருஷம் முழுக்க உருப்போட வைக்கிறீங்க. மொத்தம் 150 புள்ளியில அதுக்கு 90. முன்னே பார்க்காத தாளை வாசிக்க 21. தாளை நீட்டி அரை நிமிஷம் பார்க்க விடுவாங்களாம். நம்ம பிள்ளை அந்த அரை நிமிஷமும் தேர்வாளர் முகத்தைத்தான் பார்ப்பா. போகட்டும், 100 எடுத்தா பாஸ். சேர்ட்டிபிகேட்டைச் சுவரில மாட்டிடுவோம். சுவர் என்ன, வாசிச்சுக் காட்டுன்னா கேட்கப்போகுது?

கோவிக்காதீங்க. தலதா மாளிகைப் பக்கம் மேளக்காரரை விசாரிங்க. கெட்ட பெரய மேளம் பழகுற பையன் தத், ஜித், தொங், நங்னு முதல்ல வாயால சொல்றான், கை பிறகுதான். நம்ம சரளி வரிசையும் வாயிலதானே தொடங்குது? தட்டிப் பாடினதையே தாளில காட்டுங்க. கண்ணு தானா அடையாளம் பிடிச்சுக்கும்.

அதுக்காக, "நமக்குக் கேள்வி ஞானமே போதும்"னு புத்தகத்தை மூடிடவும் வேணாம். தீட்சிதர் பரம்பரைக்கு இல்லாத கேள்வி ஞானமா? அந்த வீட்டுச் சுப்பராம தீட்சிதரே 1904இல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சில கொண்டுவந்தார், கமகத்துக்குக்கூடக் குறி போட்டு.

தினம் ரெண்டு வரி புதுசா குடுங்க, படிக்கிற பாடத்தைவிட லேசா. பிழைச்சாலும் நிறுத்தாம, தாளம் விடாம போகட்டும். பென்சில் எழுத்தை மட்டும் அழிச்சிடுங்க.

வாசிக்கத் தெரிஞ்சா தானே பாட்டெடுத்துக்கிட்டு கிளாஸுக்கு வராம நின்னுடுவாளோன்னு யோசிக்கிறீங்களா? பயப்படாதீங்க. அவளுக்கு ஒரு தங்கச்சி இருக்கா.