மானாவாரி வானம்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் பழைய ஃப்ளைட் சிமுலேட்டரைப் புதுக் கணினியில் நிறுவுதல் குறித்த ஆய்வு

ஃப்ளைட் சிமுலேட்டர் எனப்படுவது, தரையை விட்டு ஓர் அங்குலமும் எழாமல், கணினித் திரையின் முன் அமர்ந்தபடியே விமானம் ஓட்டும் பயிற்சியையோ, பயிற்சி என்று வீட்டாரிடம் சொல்லத்தக்க பொழுதுபோக்கையோ தரும் மென்பொருளாகும். 1979இல் புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் II கணினிக்காக எழுதியதில் தொடங்கி, 1982 முதல் மைக்ரோசாஃப்ட் பெயரில் வெளிவந்துகொண்டிருக்கும் இம்மரபின் பல பதிப்புகளுள் இரண்டை மட்டுமே இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது. ஒன்று, ரைட் சகோதரர் பறந்ததன் நூற்றாண்டை ஒட்டி 2003இல் நான்கு சிடிகளில் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் 2004. மற்றது, 2006இல் இரண்டு டிவிடிகளில் வந்த எஃப்எஸ்எக்ஸ். இவற்றுக்கு வேண்டிய கட்டடம், மரம், விமானம் முதலியவற்றை வரைந்து சேர்க்கப் பயன்பட்ட ஜிமேக்ஸ் என்னும் முப்பரிமாண மென்பொருளும் உடன் ஆராயப்படுகிறது. ஆய்வின் நிலவெல்லை காரியாபட்டிக்குத் தெற்கும் பந்தல்குடிக்கு வடக்குமாக நரிக்குடி வரை நீளும் மானாவாரிப் பூமி. வானத்தைத் தாலுகாவாகப் பிரிக்கும் வழக்கம் இன்னும் வராமையால் வானெல்லை வகுக்கப்படவில்லை.

விமான நிலையமே இல்லாத வட்டாரத்துக்கு இவ்வாய்வு எதற்கு என்னும் தடை எழக்கூடும். அத்தடை நில்லாது. மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறக்குறைய 7,500 அடி நீளத்தில் கிழக்கு மேற்காகக் கிடக்க, அருப்புக்கோட்டை அதற்கு ஏறத்தாழ நேர் தெற்கே, வான்வழியில் சுமார் 36 கிலோமீட்டரில் அமைந்திருப்பதால், கிழக்கு நோக்கி மேலெழும்பிய செஸ்னா 172 வலப்பக்கம் திரும்பித் திசைகாட்டியில் 180 பாகையைப் பிடித்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் ஊரின் மேல் வந்துவிடும். மலையோ காடோ கடலோ குறுக்கிடாத, வழிதவற வாய்ப்பே இல்லாத இத்தகைய வழித்தடம் தொடக்க நிலை மாணாக்கருக்கு எளிதில் வாய்ப்பதன்று; காலையில் பேருந்தில் மதுரைக்குப் போய் வந்தவர்கூட மாலையில் அதே பயணத்தை வானத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பழைய கணினி, புதுக் கணினி என்னும் சொற்கள் இவ்வட்டாரத்தில் ஓரளவு திட்டவட்டமான பொருள் உடையன. 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே குடியிருக்க எல்காட் என்னும் அரசு நிறுவனம் வழியாகப் பள்ளி மாணவருக்கு வந்து சேர்ந்த மடிக்கணினியே பலர் வீட்டில் முதற்கணினியும் இன்று பழங்கணினியும் ஆகும். புதுக் கணினி என்பது விண்டோஸ் 10 அல்லது 11 உடையது. சிடி போடும் வாய் பெரும்பாலும் இல்லாதது. ஆகவே முதல் தடை மென்பொருளில் இல்லை, வாயில் இருக்கிறது. யுஎஸ்பி வழியாகச் செருகும் புற டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் பெறுவதோடு நிறுவுதல் தொடங்குகிறது.

அடுத்து வரும் தடை நின்று நோக்கத்தக்கது. ஃப்ளைட் சிமுலேட்டர் 2004இன் சிடியில் சேஃப்டிஸ்க் என்னும் காவல் இருந்தது. தட்டு அசலா நகலா என்பதை ஒவ்வொரு முறையும் சோதிக்க, இது விண்டோஸின் உட்கருவறை வரை சென்று அமரும் ஓர் இயக்கியை, அதாவது வன்பொருளோடு நேரே பேசும் உரிமை பெற்ற சிறு நிரலை, துணைக்கு வைத்துக்கொண்டது. அவ்வளவு உள்ளே விடப்பட்ட காவலாளியே திருடர் நுழையும் ஓட்டையாகவும் ஆகக்கூடும் என்பது உணரப்பட்டபின், 2015இல் வந்த விண்டோஸ் 10 அவ்வியக்கியை அனுமதிக்க மறுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் முந்தைய விண்டோஸ்களிலும் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு வாயிலாக அது முடக்கப்பட்டது. இதன் விளைவு விசித்திரமானது. முழுவிலை கொடுத்து அசல் தட்டு வாங்கியவர் புதுக் கணினியின் வாசலில் நிற்க, காவலைக் கழற்றிய பர்மா பஜார் வகைத் தட்டு தடையின்றி உள்ளே போய்விடுகிறது. இஃது ஆய்வில் கண்ட நிலையே அன்றிப் பரிந்துரை அன்று. அசல் வழியில் செல்ல விரும்புவோர் 2014 டிசம்பரில் ஸ்டீம் தளத்தில் தட்டில்லாமல் வெளியான எஃப்எஸ்எக்ஸ் பதிப்பை நாடலாம். தட்டின் மீதே பற்றுள்ளோர் அப்புதுப்பிப்பு ஏறாத பழங்கணினியை எடைக்குப் போடாமல் வைத்திருக்கலாம்.

ஏனைய தடைகள் சில்லறை. வழக்கமான புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் எதையும் தன்னிச்சையாக எழுத விஸ்டா காலம் முதல் விண்டோஸ் விடாததால், சி டிரைவிலேயே தனிக் கோப்புறை அமைத்து அதில் நிறுவுதல் நலம். மெனுவைத் திரும்பத் திரும்பத் திறந்தால் எஃப்எஸ்எக்ஸ் மூர்ச்சையடையுமாயின், யுஐஆட்டோமேஷன்கோர் என்னும் கோப்பின் விஸ்டா காலத்துப் படியை அதன் கோப்புறைக்குள் இட்டால் தெளியும். நினைவகம் எத்தனை ஜிபி வாங்கிப் பொருத்தினும், 32 பிட் நிரலாகிய எஃப்எஸ்எக்ஸ் நான்கு ஜிபிக்கு மேல் தொடாது. கடைக்காரர் இதனைச் சொல்வதில்லை.

ஜிமேக்ஸின் நிலை வேறு. டிஸ்க்ரீட் நிறுவனம் 2001இல் விலையில்லாமல் வெளியிட்டு 2005இல் கைவிட்ட இம்மென்பொருள், தன்னில் வரைந்ததைத் தானாக வெளியே தராது. அந்தந்த விளையாட்டுக்கென வந்த இணைப்பு நிரலைச் சேர்த்தால்தான், வரைந்த கோபுரம் சிமுலேட்டருக்குள் எழும். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறப்பதும், திரை வெளுத்துப் போனால் காட்சி முறையை மாற்றிப் பார்ப்பதும் அறியப்பட்ட பரிகாரங்கள். ஜிமேக்ஸ் கோப்பைப் பிளெண்டர் முதலிய இன்றைய மென்பொருள்களால் நேரடியாகத் திறக்க இயலாமையால், ஒருவர் திருச்சுழித் திருமேனிநாதர் கோயிலை நிலை நிலையாக வரைந்து வைத்திருந்து ஜிமேக்ஸை இழந்தால், கோயிலும் உடன் போயிற்று.

இத்தனையும் கடந்து எழும்பினால் கீழே காணக் கிடைப்பது என்ன என்பதே அடுத்த வினா. பழைய பதிப்புகள் உலகை ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் அளவுள்ள கட்டங்களாக வெட்டி, இது விளைநிலம், இது புதர், இது ஊர் என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்ணுக்குரிய பொதுப்படத்தை அங்கே ஒட்டிவிடுகின்றன. எனவே ஊருணி, கலுங்கு, மடை, கரிமூட்டத்துப் புகை, பனை வரிசை யாவும் கட்டத்துக்குள் கரைந்துபோகின்றன. மல்லியும் பருத்தியும் கம்பும் ஒரே பச்சை. பருவங்களும் அவ்வாறே. தமிழ் இலக்கணம் ஆறு பெரும்பொழுது கூற, சிமுலேட்டர் கடும்பனிக்காலம் உட்பட ஐந்து பருவத்துக்குப் படம் வைத்திருக்க, அருப்புக்கோட்டையார் வெயில் என்றும் ஐப்பசி கார்த்திகை என்றும் இரண்டோடு முடித்துக்கொள்கின்றனர்.

ஆனால் இந்த வெறுமையே பழைய பதிப்பின் பெருமை என்பது இவ்வாய்வின் துணிபு. 2020இல் வந்த புதிய பதிப்பு, 150 ஜிபி இடத்தையும் இடையறாத இணையத்தையும் கேட்டுப் பெற்றுக்கொண்டு, செயற்கைக்கோள் படத்தையே தரையாக விரிக்கிறது. அதில் கண்மாய் உண்டு. எனினும், படம் எடுத்த அன்று அதில் என்ன கிடந்ததோ அதுவே என்றும் கிடக்கும். வறண்ட நாளில் எடுத்திருந்தால், வடகிழக்குப் பருவமழை எவ்வளவு அடித்துப் பெய்தாலும் அது பெருகாது. பழைய பதிப்போ நிலத்தை வரையாமல் விட்டமையால், வரையும் உரிமையும் உள்ளூராரிடமே நின்றுவிட்டது. கண்மாயை எங்கே வெட்டுவது, கரையில் நாட்டுக்கருவேலம் வைப்பதா சீமைக்கருவேலம் வைப்பதா என்பன எல்லாம் வரைபவர் தீர்ப்பு. சீமைக்கருவேலத்தை விட்டுவிட்டு வரைந்தவர் அழகியல் நோக்கினர் என்றும், அதனைக் கண்மாய்க்குள்ளேயும் நட்டு வைத்தவர் மெய்ம்மை நோக்கினர் என்றும் வகுத்துக்கொள்ளலாம்.

கண்மாயில் தண்ணீர் வரைய வேண்டுமா என்பதில் மட்டும் இரு கட்சி எழ இடமுண்டு. ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும் ஒன்றில் நீர் காட்டுவது பொய் என்பது வறட்சிக் கட்சி. அக்கட்சிக்கு உள்வாய்த் தரை சமதளமாக இருப்பதால் விமானம் இறக்கவும் ஏற்ற இடம் கிடைக்கிறது. நீர் இல்லாததைக் கண்மாய் என்று வரைந்தால் கண்டவர் கிரிக்கெட் மைதானம் என்று எண்ணிவிடுவர் என்பது நீர்க் கட்சி. இரு கட்சியும் ஏற்கத்தக்க ஊர்தி ஒன்று ஃப்ளைட் சிமுலேட்டர் 2004இலேயே இருக்கிறது. அது நீரிலும் நிலத்திலும் இறங்கும் செஸ்னா கேரவன் ஆம்ஃபிபியன். அதன் விதியோ கண்டிப்பானது: நிலத்தில் இறங்கும்போது மிதவையிலுள்ள சக்கரங்கள் வெளியே நீட்டியிருக்க வேண்டும், நீரில் இறங்கும்போது அவை உள்ளே மடங்கியிருக்க வேண்டும், மாற்றி வைத்து நீரில் இறங்கினால் ஊர்தி தலைகுப்புறக் கவிழும். ஆதலின் காரியாபட்டியைத் தாண்டும்போதே, இறங்கவிருக்கும் கண்மாயை வரைந்தவர் எந்தக் கட்சி என்பதை விமானி கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.