வாறுகால் வெள்ளோட்டம்: கடலில்லாச் சீமையின் கப்பற்கலை குறித்து ஓர் ஆய்வு

தமிழர் கப்பற்கலை பற்றி எழுதிய அறிஞர் பெருமக்கள் பெரும்பாலும் கடற்கரையோரமாகவே நடந்து போய்விட்டார்கள். கொற்கை, காயல், நாகப்பட்டினம் என்று போனவர்களின் கால் மணலை விட்டு மேலேறவில்லை. அதனால் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஐப்பசி, கார்த்திகையில் திண்ணைதோறும் நடக்கும் கப்பல் கட்டுமானம் ஆய்வுலகின் கண்ணில் படாமலே இருந்துவிட்டது. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. கப்பல் என்று இங்கே சொல்வது காகிதக் கப்பலை என்க.

காகிதமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு நதானியேல் பிஷப் என்ற அமெரிக்கரை முன்னிறுத்துகிறோம். 1874இல் கியூபெக்கிலிருந்து மெக்சிகோ வளைகுடாவை நோக்கி மரப்படகில் கிளம்பிய இவர், வழியில் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரில் அதைக் கைவிட்டுக் காகிதப் படகு ஒன்றில் ஏறினார். 14 அடி நீளம், 58 பவுண்டு எடை, பெயர் மரியா தெரசா. போய்ச் சேர்ந்தும்விட்டார். அந்தப் படகைக் கட்டிய வாட்டர்ஸ் குடும்பத்துக்கு அட்டைப்பெட்டி செய்வதுதான் தொழில். 1867இல் அக்குடும்பத்துப் பையன் ஒருவன் மாறுவேட விருந்துக்காகக் காகிதத்தில் முகமூடி செய்யப்போக, அதிலிருந்து படகு யோசனை பிறந்ததாம். நம் ஊர்க் கப்பலுக்கும் இப்படியொரு முற்பிறவி உண்டு. தாளை இரண்டாக மடித்து, மூலைகளை நடுவே இறக்கி, கீழ் விளிம்புகளை மேலே தூக்கியதும் கிடைப்பது கப்பல் அல்ல, தொப்பி. இந்தக் கட்டத்தில்தான் தம்பியோ தங்கையோ அதைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓட, கட்டுமானம் தடைப்படுகிறது. அங்கே முகமூடி, இங்கே தொப்பி. தலைக்குச் செய்தது தண்ணீருக்குப் போவது இத்தொழிலின் உலகப் பொது விதி என்று இதனால் துணியலாம்.

கப்பல்தளத்துக்குச் சரிவு வேண்டும். கடற்கரை ஊர்களில் கப்பல் இறக்கச் சரிவுமேடை கட்டுகிறார்கள். இந்த வட்டாரத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை அதை முன்பே கட்டிக் கொடுத்துவிட்டது. மலையடிவாரத்திலிருந்து நிலம் கிழக்கே இறங்குகிறது. தெருவும் தெருவோரச் சாக்கடையான வாறுகாலும் அதையே பின்பற்றுகின்றன. நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு இருக்கும் காவலைச் சொல்லாமல் விட முடியாது. இம்மலையை 1988இல் சாம்பல் நிற மலை அணில்களுக்கான சரணாலயமாக அறிவித்தார்கள்; போதாதென்று 2021இல் புலிகள் காப்பகமாகவும் ஆக்கினார்கள். தன் தண்ணீருக்குப் புலியைக் காவல் வைத்த கப்பல்தளம் உலகில் அதிகம் இருக்காது.

மூலப்பொருள் விஷயத்தில் இரு ஊர்களும் இரு பள்ளிகளாகப் பிரிகின்றன. இராஜபாளையம் பள்ளி சிவகாசிக் காகிதத்தை நம்புவது: நோட்டுத் தாள், தினசரிக் காலண்டர் தாள். பக்கத்துச் சிவகாசி அச்சடித்துக் குவிக்கும்வரை இவர்களுக்குப் பஞ்சமில்லை. பாய்க்குத் துணி வேண்டுமென்றால் அருகிலேயே சத்திரப்பட்டி இருக்கிறது. ஆனால் அங்கே நெய்வது புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. கண் கண்ணாக இருக்கும் அந்தத் துணியில் காற்று தங்காது. பாயாக உதவாது, மோதி அடிபட்ட கப்பலுக்குக் கட்டுப்போட உதவலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளி பால்கோவா சுற்றி வந்த பட்டர் பேப்பரைப் பயன்படுத்துகிறது. நெய் ஊறிய தாளில் தண்ணீர் ஒட்டாது. மரக்கலத்துக்குப் பலகை இடுக்கில் பஞ்சடைத்து எண்ணெய் பூசும் வேலையைக் கடைக்காரரே முடித்துக் கொடுத்துவிடுகிறார். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய இந்தப் பண்டத்தின் கடல்சார் பயனை விண்ணப்பத்தில் யாராவது சேர்த்திருக்கலாம். குறை இல்லாமல் இல்லை. மடிக்கும்போது கை வழுக்கும். தாள் சிறியது என்பதால் கப்பலும் சிறியது. மாலுமிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். இனிப்பு வாசனைக்கு எறும்புகள் தாமாகவே ஏறிக்கொள்கின்றன. இவ்வாய்வாளர் இந்தப் பள்ளியின் பக்கமே சாய்கிறார். பால்கோவா தீர்ந்த பிறகுதான் கட்டுமானம் தொடங்க முடியும் என்ற நிபந்தனையும் அவருக்கு உடன்பாடே.

இனி வெள்ளோட்டத்துக்கு முந்திய பரிசோதனை. சாதாரண ஏ4 தாள் 5 கிராம் எடை இருக்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, அது மிதக்க 5 கன சென்டிமீட்டர் தண்ணீரை, அதாவது ஒரு தேக்கரண்டித் தண்ணீரை, ஒதுக்கினால் போதும். ஆகவே நம் ஊர்க் கப்பல்கள் எடை தாளாமல் மூழ்குவதில்லை, நனைந்துதான் மூழ்குகின்றன. நனைவதும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. மடித்த இடத்தில் காகிதத்தின் நார் முறிகிறது. தண்ணீர் ஊறாதிருக்க ஆலையில் சேர்த்த பசையும் அங்கே விட்டுப்போகிறது. நகத்தால் நன்றாக நீவி மடித்த கப்பல்தான் அழகாக நிற்கும், அதுதான் முதலில் ஊறும். இதற்கு மருந்து மடிப்பின்மேல் மெழுகுவர்த்தி தேய்ப்பது. ஆனால் மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் வீடே மெழுகுவர்த்தியைத் தேடும். “ஏல, மெழுகுவத்திய எங்க வச்ச?” என்று உள்ளிருந்து குரல் வரும்போது அது பாதி கப்பலின் அடியில் பூசப்பட்டிருக்கும். உலகின் பிற கப்பல்தளங்களில் இத்தகைய வளப்பகிர்வுத் தகராறு பதிவாகவில்லை.

பெயர் சூட்டல். வல்வெட்டித்துறையில் நம் தமிழர் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தம் மனைவி பெயரை அதற்கு வைத்தார். 1938இல் அது அட்லாண்டிக்கைக் கடந்து குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. இங்கே அந்தக் குழப்பமே கிடையாது. கணக்கு நோட்டுத் தாளில் கட்டிய கப்பல் ‘மொத்த மதிப்பெண்’ என்ற பெயரோடே பிறக்கிறது. சில சமயம் மதிப்பெண்ணோடும் பிறக்கிறது. அதை விரைவாக நீரில் இறக்குவதில் உரிமையாளர் காட்டும் அவசரத்துக்குக் காரணம் கேட்கக் கூடாது.

நடுவில் கூம்பி நிற்கும் முக்கோணம் பாயா, பாய்மரமா? இரண்டுமில்லை என்பது எம் முடிபு. இவ்வூர்களின் முக்கிய மழை வடகிழக்குப் பருவமழை. காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. வாறுகால் கிழக்கே ஓடுகிறது. எதிர்க்காற்றில் பாய்க்கப்பல் நேராகப் போகாது. இடமும் வலமும் மாறி மாறிச் சாய்ந்து முன்னேற வேண்டும். ஓரடி அகல வாறுகாலில் இடம் எது, வலம் எது? ஆகவே அந்த முக்கோணம் பிடித்துத் தூக்க வைத்த கைப்பிடி. கத்திக் கப்பல் கட்டுவோர் இதை ஏற்கமாட்டார்கள் என்று தெரியும். அவர்கள் கப்பலில் அந்தக் கூம்பே இல்லாதபோது இதில் அவர்களுக்கு என்ன பேச்சு?

கப்பலைக் கையிலிருந்து விட்டதும் ஓடிவிடும் என்று நினைப்பவர் வாறுகாலை அறியாதவர். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேருக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு நடப்பதுபோல, விளக்குமாற்றுக் குச்சியோடு ஒருவர் கரையிலேயே கூட வர வேண்டும். பாலிதீன் பை, வேப்பங்குச்சி, தெருமுனைச் சிறுபாலத்தின் இருட்டு ஆகியவை வழியிலுள்ள அபாயங்கள். டி.வி.எஸ். ஒன்று கடந்து போனால் எழும் அலையில் ஒரு கடற்படையே கவிழும். வண்டியோட்டியவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

கொள்கையளவில் வழி நீண்டது. வாறுகால் ஓடையில் சேர, ஓடை கண்மாய்க்குப் போகிறது. கண்மாய் மறுகால் பாய்ந்தால் வைப்பாற்றுப் படுகை. இராஜபாளையக் கப்பல் வெம்பக்கோட்டை அணையைத் தாண்டிச் சாத்தூர் பார்த்துப் போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கப்பல் அர்ச்சுனா நதி வழியாக வந்து இருக்கன்குடியில் அதைச் சந்திக்கலாம். அப்புறம் மன்னார் வளைகுடாதான். நடைமுறையில் இதுவரை யாம் பின்தொடர்ந்த கப்பல்கள் நான்காம் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. மழை அரைமணியில் விட்டுவிடும். தண்ணீர் வடிந்ததும் கப்பல் தரைதட்டும்.

அதனால்தான் ஒன்று போதாமல் மறுபடி மறுபடி கட்டுகிறார்கள். நோட்டில் கைவைத்தால் அடி விழும். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மேல்தாளைக் கிழித்தால் முதல் கப்பல். அடுத்த தாள் நாளையது, இரண்டாம் கப்பல். ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நாட்கள் வரிசையாக வாறுகாலில் இறங்குகின்றன. ஒரு நல்ல மழைக்கு ஒரு வாரம் செலவாகும். மறுநாள் காலையில் தாத்தா காலண்டரைப் பார்க்கிறார், பிரதோஷம் என்று போட்டிருக்கிறது. குளித்து விபூதி பூசி விரதம் பிடித்துவிடுகிறார். அன்று பிரதோஷம் இல்லை என்று சொல்லக்கூடியவர் வீட்டில் ஒருவர்தான். அவர் அடுக்களையில் உட்கார்ந்து தாத்தா பங்கு இட்லியையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.