சங்க எறக்கி வச்ச காவக்காரன்

வா பேராண்டி, குந்து. புடுங்கிப் போட்ட மல்லாட்டக் கொடி மழயில நனஞ்ச மாதிரி மூஞ்சி தொங்குது. என்னா? பொண்டாட்டி சிரிக்கறதில்ல, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறா, எல்லாம் மாத்திரையாலங்கிறியா? அட்டையக் காட்டு.

மாலா-என், கருத்தடை மாத்திரை. வெள்ளை 21, கருப்பு 7. ஹார்மோன் சமாச்சாரமெல்லாம் வெள்ளையில, கருப்பு வெறும் இரும்புச்சத்து. அந்தக் கருப்பு போடற ஏழு நாளு அவ எப்பிடி இருக்கா? தெரியாதா? அனந்தபுரம் டீக்கடையே கதின்னு கெடந்தா எப்பிடித் தெரியும்!

நம்ம ராஜகிரி மலைக்கோட்டை உச்சியில காவக்காரன் நிக்கறான்னு வச்சிக்கோ. மூளையோட அடிப்பக்கத்துல ஹைப்போதாலமஸ்னு அப்பிடி ஒருத்தன். அவன் சங்கு ஊதுனாத்தான் சூலகத்துல முட்டை கெளம்பும். மாத்திரை உள்ள போனா, கீழ ஹார்மோன் ரொம்பிக் கெடக்குதுன்னு சங்க எறக்கி வச்சிடுவான். அதே ஹார்மோன் மூளையில மனசு, ஆசைன்னு நாலு ஊட்டுக் கதவையும் தட்டும். ஈரல் வேற ஒரு புரதத்தக் கூடச் சுரந்து டெஸ்டோஸ்டிரோனக் கட்டிப் போடும். நெறயப் பேருக்கு ஒண்ணும் தெரியாது. சிலருக்கு ஆசை கொறையும், சிலருக்குக் கூடும்.

டென்மார்க்குல பத்து லட்சம் பொண்ணுங்களுக்கு மேல கணக்கெடுத்து 2016ல சொன்னாங்க: ஹார்மோன் எடுத்தவங்கள்ல மனச்சோர்வுக்கு மருந்து தேடுனவங்க கொஞ்சம் கூட, சின்ன வயசுப் பொண்ணுங்க இன்னும் கூட. மாத்திரைதான் காரணம்னு அடிச்சிச் சொல்லல. உன் மூஞ்சியப் பாத்துச் சோர்ந்திருந்தா அதுக்கு டென்மார்க்குக்காரன் பொறுப்பில்ல.

ஆம்பளைக்கும் கருத்தடை ஊசி கொண்டாந்தாங்கடா. 320 பேருக்குப் போட்டாங்க. மனசு மாறுது, வலிக்குதுன்னு 2011ல நிறுத்திட்டாங்க. பொம்பளைங்க 1960லேந்து முழுங்கறாங்க!

எனக்கு 1976லயே குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன். மறுமாசமே மாடு பூட்டிக் கவலை ஓட்டுனேன், கெழவியக் கேளு. தமிழ்நாட்டுல 2019-21 கணக்குப்படி கட்டுன பொண்ணுங்க நூத்துல 58 பேரு ஆபரேஷன் பண்ணிக்கினவங்க. ஆம்பள பக்கம் நூத்துக்கு ஒருத்தன்கூடத் தேறல. உனக்கு இப்ப அது வாணாம், ரெண்டு பெத்தப்புறம் ஓடி ஒளியாத.

வேற வழியும் இருக்கு. காப்பர்-டியில ஹார்மோன் கெடையாது. லக்னோவுல கண்டுபுடிச்ச சாயா மாத்திரையிலயும் இந்த ஹார்மோனுங்க கெடையாது. ஆணுறையப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? ஆனா எது வேணும்னு அவதான் சொல்லணும். நீயா அட்டையப் புடுங்கி ஒளிச்சி வைக்காத.

புதன்கிழம தடுப்பூசி போட நர்சம்மா வருவாங்க. அவங்ககிட்ட உன் பொண்டாட்டியக் கூட்டிக்கினு போ. இந்தா, உரிச்ச மல்லாட்ட, அவளுக்கு எடுத்துக்கினு போ. வழியில நீ தின்னுடாத.