சாப்ட்ட ஸ்கூல்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் எங்கள் ஊர் பெருமுக்கல். பெயரிலேயே கல். தலைமாட்டில் மலை, மலைமேல் முக்தியாலீஸ்வரர், சுற்றுவட்டாரத்தில் கல்குவாரி. இப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு மென்திறன் வளர்க்க நினைத்தது என் தப்புத்தான்.

பிளஸ் ஒன் படிக்கும் மகன் பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. கோபமெல்லாம் இல்லை. எதைக் கேட்டாலும் 'ம்'. உணர்ச்சிவசப்பட்டால் 'ம்ம்'. மற்றதெல்லாம் செல்போனில், கட்டைவிரலும் மஞ்சள் மூஞ்சியுமாக. எங்கள் மலைக் குகையில், எழுத்து பிறக்காத காலத்து மனிதர்கள் பாறையில் கீறிவைத்த குறிகள் உண்டு. அவற்றைப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் மூச்சு வாங்க மலையேறுகிறார்கள். அதே வேலையை என் வீட்டுக் கூடத்தில் ஒருத்தன் செய்கிறான், எட்டிப் பார்க்க நாதியில்லை.

மார்க் மட்டும் போதாது, திறனும் வேண்டும் என்று 2022 மார்ச் 1-ஆம் தேதி அரசாங்கமே 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கிவிட்டது. பெற்ற அப்பன் சும்மா இருக்கலாமா? உலகச் சுகாதார நிறுவனம் 1990-களிலேயே பத்து வாழ்க்கைத் திறன்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. தன்னை அறிதல், பிறர் நிலை உணர்தல், முடிவெடுத்தல் என்று போகும். பத்தையும் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி மாட்டினேன். கடைசி வரி: உணர்ச்சிகளைக் கையாளுதல்.

"அது என்னாடா?" என்றாள் அம்மா.

"சாஃப்ட் ஸ்கில்மா."

"சாப்ட்ட ஸ்கூலா? சாப்புடறதுக்கு எதுக்குடா ஸ்கூலு?"

முதல் பாடம் இரண்டே விதி. பெரியவர்களைக் கண்டால் சிரித்த முகமாக "நல்லா இருக்கீங்களா?" கேட்க வேண்டும். எங்கே போனாலும் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" சொல்ல வேண்டும். 1760-இல் பிரிட்டிஷ் கர்னல் கூட் எங்கள் மலைக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். அவருக்குப் பீரங்கி இருந்தது. எனக்குப் பரோட்டாதான். ஒரு வாக்கியத்துக்கு ஒரு பரோட்டா என்று பேரம் படிந்தது. ஒரே வாரத்தில் இரண்டு வாக்கியமும் கோட்டை வாசலைத் தாண்டி வெளியே வந்தன.

பரீட்சை சொல்லாமல் வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். மாலையோடு போனோம். என் மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக இறந்தவரின் மனைவியான பாட்டியிடம் போய், முப்பத்திரண்டு பல்லும் தெரிய, "நல்லா இருக்கீங்களா ஆயா?" என்றான்.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் பாதி அடியில் நின்றார்கள். "எங்கடா கண்ணு நல்லா இருக்கறது" என்று பாட்டி பிடித்த சுருதியில் தெருவே குலுங்கியது. நான் அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வாசலுக்கு வந்தேன். அங்கே கையை உதறிவிட்டுத் திரும்பி, பந்தலுக்கே கேட்கிற மாதிரி இரண்டாம் விதியையும் நிறைவேற்றினான்: "போயிட்டு வரேன்!"

சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் முறை. மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வழி நெடுகத் திட்டினேன். வீட்டு வாசலில் அவன் நின்றான். "நீதானப்பா எங்க போனாலும் சொல்லணும்னு சொன்ன?" ஒரு வருஷத்தில், பரோட்டா இல்லாமல், அவன் பேசிய முதல் முழு வாக்கியம். பதில் என்னிடம் இல்லை.

அம்மாதான் வாயைத் திறந்தாள். "வாய்க்குக் கத்துக் குடுத்த, சரி. எதிராளி மூஞ்சியப் பாக்கக் கத்துக் குடுத்தியா?"

எங்கே? வீட்டுக்கு யாராவது வந்தால் "உள்ள போய்ப் படி" என்று விரட்டியவன் நான். பெரியவர்கள் பேசும்போது நடுவில் வராதே என்றவனும் நான்தான். அவன் பார்த்த முகமெல்லாம் அந்த மஞ்சள் மூஞ்சி மட்டும்தான்.

பதினாறாம் நாள் கருமாதி. எனக்கு இஷ்டமே இல்லை, அவனாகத்தான் கூட வந்தான். பந்தியில் என் இலையைத் தாண்டி வடை போய்விட்டது. பக்கத்து இலையில் இரண்டு. பரிமாறுகிற பையனை ஒரு பிடி பிடித்துவிட்டு நிமிர்ந்தால், மகனைக் காணோம்.

தோட்டத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். பின்வாசல் படியில் பாட்டி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவன் எதிரே குந்தியிருந்தான். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டான்.

"சாப்டீங்களா ஆயா?"

பாட்டி இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன் உள்ளே போய் இலையோடு வந்தான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தான், செல்போன் சட்டைப்பையில் கிடந்தது. கிளம்பும்போது யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த இலையில் இரண்டு வடை இருந்தது. அதில் ஒன்று எனக்கு வரவேண்டியது என்பதில் சந்தேகமே இல்லை. கேட்கத்தான் வாயெடுத்தேன். காலண்டர் அட்டையின் கடைசி வரி ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.