கருவேலங்கட்டையின் எரிதிறம்: கருமத்தம்பட்டி அடுப்புகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

நூல் செய்வோர் குன்றக் கூறல், மிகைபடக் கூறல் முதலான பத்துக் குற்றங்களை விலக்க வேண்டும் என்று விதித்தார் பவணந்தி முனிவர். கொங்கு நாட்டார் தங்களவர் என்று உரிமை கொண்டாடும் அந்த இலக்கணப் பெரியவர், விறகைப் பற்றி எழுதுவோருக்கென்று பதினோராவது குற்றம் ஒன்றையும் சேர்த்திருக்கலாம்: அடுப்பு மூட்டாமல் கூறல். வைரம் பாய்ந்த கருவேலங்கட்டையே விறகில் தலையாயது என்று ஊரெல்லாம் வழங்கும் கொள்கை இந்தக் குற்றத்தின்பாற்படும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுக்களம் கருமத்தம்பட்டி. கோவையிலிருந்து அவிநாசி போகும் நெடுஞ்சாலையில் உள்ள இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் விறகு இரண்டு நிலைகளில் எரிகிறது. ஒன்று, பொழக்கடையில் மூன்று கல் கூட்டி அண்டாவில் வெந்தண்ணி காய்ச்சும் அடுப்பு. மற்றொன்று, விசைத்தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லின் பாய்லர். தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு சமையல் பெரும்பாலும் சிலிண்டருக்குப் போய்விட்டது. வெந்தண்ணி மட்டும் கட்சி மாறவில்லை.

இனிப் பிறர் மதம். விறகறிவில் இவ்வட்டாரத்தில் மூன்று மதங்கள் காணப்படுகின்றன. எடைவாதிகள் கட்டையைத் தூக்கிப் பார்ப்பார்கள். தோள் இறங்கினால் நல்ல விறகு. ஓசைவாதிகள் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிக் காது கொடுப்பார்கள். மூன்றாம் மதத்தார் டீக்கடை பெஞ்சில் அமர்ந்து ‘எங்க காலத்து வெறகுன்னா’ என்று தொடங்குவார்கள். அவர்களுடைய முடிவுரை இன்னும் வந்து சேராததால் அவர்களை ஆய்விலிருந்து விலக்கியிருக்கிறேன்.

எடைவாதிகள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. காய்ந்த கருவேலம் கன மீட்டருக்கு ஏறக்குறைய 800 கிலோ நிற்கும். இலவம் 300 கிலோவைத் தாண்டத் திணறும். ஆச்சா மரத்தின் வைரக்கட்டையோ தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். ஆனால் எந்த மரமானாலும் அதன் நார்ச்சுவரின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான், தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. வேறுபடுவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றின் அளவு. ஆகவே ஒரு வண்டி கருவேலமும் ஒரு வண்டி இலவமும் ஒரே விலை என்றால் கருவேலத்தை வாங்குபவனே புத்திசாலி. விறகு வண்டிக் கணக்கிலும் கட்டுக் கணக்கிலும் விற்ற காலத்தில் எடைவாதம் பிறந்திருக்க வேண்டும் என்று துணிகிறேன்.

இப்போது விறகு எடை மேடையில் ஏறுகிறது. அங்கேதான் எடைவாதம் சறுக்குகிறது. நன்றாகக் காய்ந்த எந்த விறகை எரித்தாலும் கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். மரத்துக்கு மரம் சிறிது முன்பின் இருக்கும், அவ்வளவுதான். 1820களில் பிலடெல்பியாவில் மார்க்கஸ் புல் என்பவர் ஓர் அறைக்குள் இன்னோர் அறை கட்டி, உள்ளறையை வெளியறையைவிடப் பத்து டிகிரி பாரன்ஹீட் சூடாக வைத்திருக்க எந்த விறகு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று வேலை மெனக்கெட்டு அளந்தார். ஹிக்கரி என்ற வன்மரத்துக்கு நூறு மதிப்பெண் போட்டு மற்றவற்றை அதற்குக் கீழே வரிசைப்படுத்தினார். அந்த வரிசை கன அளவுக்கு உரியது. பவுண்டுக்குப் பவுண்டு பார்த்தபோது மரங்களுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வு தெரியவில்லை. அவர் கருமத்தம்பட்டிக்கு வராததால் கருவேலத்துக்கு மதிப்பெண் விழவில்லை. நம் பக்கத்திலும் அளக்க இடமில்லாமல் போகவில்லை. கோவையில் 1902 முதல் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அங்கே மரத்துண்டுகளைப் பார்க்கலாமே தவிர, அடுப்பில் வைக்க விடமாட்டார்கள்.

அற்றேல் டன் கணக்கில் வாங்குவோர் எதைப் பார்த்து வாங்குவது எனின், ஈரத்தைப் பார்த்து என்க. அப்போதுதான் வெட்டிய பச்சை மரத்தில் எடையில் பாதிவரைகூடத் தண்ணீர் இருக்கும். நிழலில் அடுக்கி மாதக்கணக்கில் காயவிட்டால் 15 முதல் 20 விழுக்காட்டுக்கு இறங்கும். 40 விழுக்காடு ஈரமுள்ள ஒரு டன் வாங்கினால் 400 கிலோ தண்ணீருக்கு விறகு விலை கொடுக்கிறோம். அதோடு விட்டதா? அந்தத் தண்ணீரை ஆவியாக்கக் கிலோவுக்கு 600 கிலோகலோரிக்கு மேல் செலவாகும். கூட்டிப் பார்த்தால் 50 கிலோவுக்குக் குறையாத காய்ந்த விறகு, தன் கூட்டாளியின் ஈரத்தைத் துவட்டுவதிலேயே சாம்பலாகிறது. அண்டாவில் உள்ள தண்ணீர் காய்வதற்கு முன்னால் அடுப்பில் உள்ள தண்ணீர் காய வேண்டியிருக்கிறது. கட்டையின் நுனியில் நுரை தள்ளிச் சீறும் ஓசை அதுதான்.

இங்கே வைரக்கட்டைக்கு எதிரான முக்கியச் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும். அடர்ந்த மரம் சீக்கிரம் காயாது. மேல்புறம் வெளுத்து வெடிப்பு விட்டிருக்கும், பிளந்தால் உள்ளே ஈரம். எனவே பச்சையிலேயே பிளந்து அடுக்க வேண்டும். காய்ந்த பிறகு பிளக்கலாம் என்று விட்டால் கோடாலி துள்ளிக்கொண்டு திரும்பி வரும். அப்புறம் ஆப்பும் சம்மட்டியும் தேட வேண்டும். பிளக்கிற கூலியையும் விறகு விலையில் சேர்க்காத எந்தக் கணக்கும் குன்றக் கூறலே.

அடுத்தது பற்றவைக்கும் சிக்கல். அடர்ந்த கட்டை வெப்பத்தை மேற்பரப்பில் தங்கவிடாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் மேற்புறம் பற்றுகிற சூட்டுக்கு வர நேரமாகும். தென்னம்பாளையும் மிலாறும் தேங்காய்த் தொட்டியும் எரிந்து முடிந்த பின்னும் கட்டை கறுத்த முகத்தோடு கிடக்கும். ஆய்வின் இந்தக் கட்டத்தில் ஊதாங்குழலோடு உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர் தெரிவித்த கருத்தை மாற்றமின்றித் தருகிறேன்: “ஏஞ்சாமி, அதப் போயி அளந்துக்கிட்டுக் கெடக்கற? பத்தற வரைக்கும் அது கல்லு. பத்திருச்சுன்னா நீ வேண்டாம்னாலும் நிக்காது. நடுவுல ஊதறவளுக்குத்தான் உசுரு போகுது.”

முப்பது ஆண்டு ஆய்வையும் மூன்று வாக்கியத்தில் முடிக்கக்கூடியவர்கள் இப்படிப் பொழக்கடையில் இருப்பதுதான் பல்கலைக்கழகங்களுக்கு நல்லது.

ஆனால் அவர் சொன்ன ‘நிக்காது’ என்பதில்தான் கருவேலத்தின் உண்மையான பெருமை இருக்கிறது. மெல்லிய மரம் திகுதிகுவென்று எரிந்து சாம்பலாகிவிடும். கருவேலம் சுவாலை அடங்கிய பிறகும் கெட்டியான தணலாக நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். அரிசிம்பருப்பு சாதத்தை எடுத்துக்கொள்வோம். தாளித்து உலை கொதிக்கும்வரை வேகமான தீ வேண்டும். அதற்கு மிலாறு போதும், கருவேலம் உதவாது. அரிசி போட்டுத் தண்ணீர் சுண்டிய பின் அடங்கிய சூடு வேண்டும். அங்கே கருவேலத் தணலை வெல்ல ஆளில்லை. மெல்லிய விறகு மட்டும் இருந்தால் அடியில் தீய்ந்து மேலே வேகாமல் நிற்கும். கலோரி கணக்கில் இரண்டும் ஒன்று; தட்டில் ஒன்றல்ல. சைசிங் மில்லின் கதை வேறு. அங்கே நாள் முழுக்க நீராவி வேண்டும். தீ எழுப்பும் சிரமம் காலையில் ஒரு முறைதான். சரிந்த சூட்டைத் தூக்க அடிக்கடி கதவு திறந்து விறகு தள்ளுகிற வேலை குறையும் என்பதால் பாய்லர்காரர் அடர்ந்த கட்டையை விரும்புவதில் தவறில்லை.

ஆகவே தீர்ப்பு இது. காய்ந்து, பிளந்து, தணலுக்காகப் பயன்படும் கருவேலத்துக்கு முதலிடம். பிளக்காத பச்சைக் கருவேலத்துக்கு முருங்கைக் கட்டைக்கும் கீழே இடம். முருங்கை எரியாது என்பதையாவது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எடைவாதம் வண்டிக்குச் சரி, எடை மேடைக்கு ஆகாது. மூன்று மதங்களில், ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும் ஓசைவாதமே தேறுகிறது. அடுத்த முறை விறகு வந்து இறங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு கட்டைகளை எடுத்துத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இறக்கச் சொல்லுங்கள். மொத்தென்று கேட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தண்ணீர் குழாயிலேயே வருகிறது.