எங்கீங்க கெளம்பீட்டீங்க? காரணமின்றி நடத்தல் குறித்த ஒரு முதற்கட்ட ஆய்வு

1. முன்னுரை

கொடுமுடியில் செருப்பை மாட்டிக்கொண்டு வீதியில் இறங்கும் எவரையும் பத்தடிக்குள் ஒரு கேள்வி மறிக்கும்: "எங்கீங்க கெளம்பீட்டீங்க?" இதற்கு ஏற்கத்தக்க விடைகள் சில உண்டு. தோட்டத்துக்கு. மஞ்சளுக்குத் தண்ணி கட்ட. கோயிலுக்கு. பங்குனியானால், காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு. "சும்மா நடக்கறனுங்க" என்ற விடை ஊரில் இதுவரை பதிவாகவில்லை. அப்படிச் சொன்னவருக்குச் சர்க்கரை என்று அன்றைக்கே முடிவுகட்டி, பொழுது சாய்வதற்குள் சொந்தக்காரர்கள் ஒரு சீப்புப் பழத்தோடு பார்க்க வந்துவிடுவார்கள்.

2. கருதுகோள்

கொடுமுடிக்காரர் போய்ச் சேர ஓர் இடம் இல்லாமல் நடக்கமாட்டார். புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் நடையை அவர் நடை என்றே ஒப்பமாட்டார்.

3. களமும் முறையும்

பெங்களூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். காலை எட்டு மணிக்குள் முகூர்த்தம் முடிந்துவிட்டது, ரயில் இரவுதான். இடையில் கிடந்த பகல் முழுவதும் அங்குள்ள லால்பாக் தோட்டத்தில் செலவிடப்பட்டது. ஆய்வுக்கு உட்பட்டவர் என் மாமனார்: வேட்டி, துண்டு, கையில் தாம்பூலப் பை. ஆய்வு நெறிப்படி அவரிடம் முன்ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். கேட்டிருந்தால் "எதுக்குங்க மாப்ள?" என்றிருப்பார், ஆய்வு வாசலிலேயே முடிந்திருக்கும்.

4. தரவுகள்

அ) பரப்பு 240 ஏக்கர் என்றதும் மாமா நின்றுவிட்டார். ஏக்கராவுக்கு 20 குவிண்டால் வீதம் 4,800 குவிண்டால் மஞ்சள் என்று விரல்விட்டுக் கணக்கிட்டார். "வெள்ளாமை என்னுங்க பண்றாங்க?" பூ என்றேன். "பறிச்சு மார்க்கெட்டுக்குப் போடறாங்களா?" இல்லை, பார்க்க மட்டும் என்றேன். அடுத்த அரை பர்லாங் பேச்சில்லை.

ஆ) 1760-இல் ஐதர் அலி தொடங்கிய தோட்டம், திப்பு வளர்த்தது என்று வரலாறு சொன்னேன். 1799 வரை கொங்குநாடு மைசூர் ஆட்சியில்தானே இருந்தது என்று பேச்சுவாக்கில் சேர்த்தது பிழையாகிவிட்டது. "அப்ப நம்ம பெருசுக கட்டுன வரியிலும் இதுல ஒரு செடி வெச்சிருப்பாங்க" என்றவர், அதன்பின் உரிமையோடு நடந்தார்.

இ) ஏரிக்கரையில்: "ஏரியிருக்குது, பாயற காட்டக் காணமே." தண்ணீர் வீணாகிறதே என்பதுதான் அவர் கவலை. இந்த ஊர் குடிப்பதே காவிரித் தண்ணீர் என்ற தகவலை, இருமாநில நல்லுறவு கருதி, அவரிடம் மறைத்தேன்.

ஈ) எதிரே ஒருவர் காதில் ஒயரோடு வேகமாக வந்தார். மாமா வாஞ்சையோடு "எங்கீங்க?" என்றார். பதில் இல்லை. அதே ஆள் இருபது நிமிடத்தில் மறுபடி எதிர்ப்பட்டார். "பாவம், வழி தெரியல போலிருக்குது. நீங்க கன்னடத்துல கேளுங்க மாப்ள."

உ) 1889-இல், லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மாதிரியில் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகை. மாமாவின் மதிப்பீடு: "கலியாணத்துக்கு உடலாமுங்க. புழுக்கம் தாங்காது."

இதுவரை கருதுகோளுக்கு ஒரு கீறலும் இல்லை.

5. கருதுகோள் சாய்ந்த இடம்

தோட்டத்துக்குள்ளேயே ஒரு பெரும்பாறை மேடு. உச்சியில் கெம்பேகௌடா கோபுரம். பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. இதைச் சொன்னதும் மாமா செருப்பைக் கழற்றினார்.

கொடுமுடி மகுடேசுவரர் கோயிலில், பிரம்மனாகக் கும்பிடும் வன்னி மரத்துக்கு ஊரார் சொல்லும் வயது மூவாயிரம் ஆண்டு. பாறை அதைவிடப் பத்து லட்சம் மடங்கு மூத்தது. இந்த வகுத்தலை நான் காகிதத்தில் போட்டுக்கொண்டிருக்கையில் மாமா நடக்கத் தொடங்கியிருந்தார். "மூவாயிரம் வருச மரத்தையே சுத்தறோமுங்க. இதச் சுத்தாம போறதா? வாங்க மாப்ள. அந்தப் பக்கமில்லீங்க, வலமா."

முழுச் சுற்று. கழற்றிய செருப்பின் முன்னாலேயே வந்து நின்றார். புறப்பட்ட இடம்தான். ஆட்சேபணை எதுவும் எழவில்லை. சொல்லப்போனால், பிறந்தது முதல் பிரகாரத்தில் அவர் நடந்ததெல்லாம் இந்த நடைதான். ஆய்வாளர் அதை நடைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தார்.

6. முடிவுகள்

கொடுமுடிக்காரருக்குச் சேரும் இடம் தேவையில்லை. சுற்றி வர, நடுவில் தன்னைவிட மூத்ததாக ஒன்று இருந்தால் போதும். காதில் ஒயர் மாட்டியவரும் அதே பாறையைத்தான் நாள்தோறும் சுற்றுகிறார், ஆனால் இடமாக. இதை மாமாவே அவரிடம் எடுத்துச் சொன்னார், மூன்றாம் முறை எதிர்ப்பட்டபோது, தமிழில், கையைச் சுழற்றிக் காட்டி.

அவர் ஒயரைக் கழற்றி, ஒரு கணம் யோசித்து, திரும்பி நடந்தார். வழி காட்டிய நிறைவோடு மாமா தாம்பூலப் பையிலிருந்து தேங்காயை எடுத்தார். உடைப்பதற்குள் காவலர் வந்துவிட்டதால், ஆய்வு இத்துடன் நிறைவுற்றது.